ஃபோனீம்: ஒரு சொல்லின் வம்சாவளி



இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்டது ஒரே ஒரு சொல். மொழியியல் படிக்கப் போகிறவர்கள் முதல் வாரத்திலேயே எதிர்கொள்கிற ஆங்கிலக் கலைச்சொல். 'ஃபோனீம்' என்று அதற்குப் பெயர். தமிழில் 'ஒலியன்' என்கிறோம். 'ஒலியன் என்றால் என்ன?' என்று தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்குக் கேட்பார்கள். 'பொருள் வேறுபாட்டை உண்டாக்கும் மிகச் சிறிய ஒலிக்கூறு' என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். அந்த ஒரு வரியை எழுதும் நிலைக்கு வந்து சேர மனிதகுலத்துக்கு அறுபது ஆண்டுகள் பிடித்தன. பாரிஸில் பிறந்து, லைப்சிக்கில் வளர்ந்து, வோல்கா ஆற்றங்கரையில் உயிர்பெற்று, லண்டனில் ஆங்கிலமாகி, அமெரிக்கா போய், கடைசியில் நம் நீலகிரி மலையேறி வந்த சொல் அது. அதன் பாட்டன் யார், பூட்டன் யார், பெற்றது யார், வளர்த்தது யார் என்று பார்க்கத்தான் இங்கே கூடியிருக்கிறோம்.

கதைக்குள் போகுமுன் ஒரு சிறு சோதனை. எல்லோரும் வாய்விட்டுச் சொல்லுங்கள்: 'கடல்'. சொன்னீர்களா? இப்போது 'சங்கு'. இப்போது 'பகல்'. மூன்றிலும் ககர வரிசை எழுத்துத்தான். ஆனால் உங்கள் வாய் மூன்று வேலை செய்தது. 'கடல்' என்றபோது ஒலி வல்லென்று வெடித்தது. 'சங்கு' என்றபோது மூக்கொலிக்குப் பின்னால் மெலிந்து அதிர்ந்தது. 'பகல்' என்றபோது தொண்டைப் பக்கமாக உரசிக்கொண்டு போனது. இந்த வேறுபாட்டை இதற்குமுன் கவனித்தவர்கள் எத்தனை பேர்? கை தூக்கியவர்கள் சிலர்தான். ஒரு நாளில் பல நூறு முறை இம்மூன்று ஒலிகளையும் எழுப்புகிறோம், ஒன்றென்றே எண்ணியிருக்கிறோம்.

இப்போது மறுபக்கம் பாருங்கள். 'கலை', 'களை', 'கழை'. வெளிநாட்டிலிருந்து தமிழ் படிக்க வருகிறவருக்கு முதலிரண்டும் மாதக்கணக்கில் ஒன்றாகவே கேட்கும்; மூன்றாவது வாயிலேயே நுழையாது. நமக்கோ மூன்றும் மூன்று. ஒன்று நம் பெருமை, ஒன்று வயலின் பகை, ஒன்று மூங்கில். அங்கே மூன்று ஒலி ஒன்றாகக் கேட்கிறது. இங்கே ஏறக்குறைய ஒன்றுபோல் ஒலிப்பவை மூன்றாகக் கேட்கின்றன. ஏன்? காது அதே காதுதானே? காற்று அதே காற்றுதானே?

இந்த 'ஏன்'தான் ஃபோனீம் என்ற சொல்லின் உயிர். வாயில் எழுவது ஒன்று. மனம் கணக்கில் எடுத்துக்கொள்வது வேறொன்று. அந்த இரண்டாவதற்குப் பெயர் வேண்டியிருந்தது. ஆனால், அன்பர்களே, வியப்பு இதுதான்: அந்தச் சொல் பிறந்தபோது அதற்கு இந்தப் பொருள் இல்லவே இல்லை.

வேர் கிரேக்கம். 'ஃபோனே' என்றால் குரல், ஒலி. 'ஃபோனேமா' என்றால் எழுப்பப்பட்ட ஒலி, பேச்சு. அந்தப் பழைய சொல்லை எடுத்து நவீன அறிவியலுக்குக் கொண்டுவந்தவர் துஃப்ரிஷ் தெஜெனெத் என்ற பிரெஞ்சுக்காரர். இடம் பாரிஸ் மொழியியல் கழகம். நாள் 1873 மே 24. இந்தக் கழகம் 1866இல் தன் சட்டதிட்டங்களில் ஒரு விதி எழுதிவைத்தது: மொழி எப்படித் தோன்றியது என்பது பற்றி எந்தக் கட்டுரையும் இங்கே ஏற்கப்படாது. ஊகம் வேண்டாம், சான்று பேசட்டும் என்ற கண்டிப்பு. அப்படிப்பட்ட அவையில் மூக்கொலிகளைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார் அவர். ஜெர்மானியர் 'பேச்சொலி' என்பதை ஒரே சொல்லாக எழுதுகிறார்கள். பிரெஞ்சில் இரண்டு மூன்று சொற்களைக் கோக்க வேண்டியிருக்கிறது. அதற்குப் பதிலாக 'ஃபோனெம்' என்று வைத்துக்கொள்வோமே என்றார். அவ்வளவுதான். வெறும் சொல்வசதி. இன்றைக்கு நாம் சொல்கிற நுட்பம் எதுவும் அதில் இல்லை. அடுத்த ஆண்டே லூயி அவே என்ற அறிஞர் அதை எடுத்தாண்டார். சொல் புழக்கத்துக்கு வந்தது.

அந்தக் கழகத்தில் 1876இல் ஓர் இளைஞர் உறுப்பினராகச் சேர்ந்தார். ஜெனீவா ஊர்க்காரர்; அப்போது அவருக்கு வயது பதினெட்டு. ஃபெர்தினான் த சொசூர். பெயரைக் கேட்டதும் சிலர் நிமிர்ந்து உட்காருகிறீர்கள். ஆம், அதே சொசூர்தான். லைப்சிக்கில் மாணவராக இருந்தபோதே, இந்தோ ஐரோப்பிய மொழிகளின் ஆதி உயிரொலி அமைப்பைப் பற்றி ஒரு நூல் எழுதினார். முகப்பில் 1879 என்று இருக்கும். அப்போது அவருக்கு இருபத்தொரு வயது. இங்கே கூடியிருக்கும் மாணவர்களில் பலருடைய வயது.

அந்த நூலில் அவர் செய்த துணிச்சல் என்ன? சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்து, இவற்றின் தாய்மொழியில் இரண்டு ஒலிகள் இருந்திருக்க வேண்டும் என்று கணித்தார். எந்த மொழியிலும் அப்போது அவை எஞ்சியிருக்கவில்லை. யாரும் கேட்டதில்லை. எப்படி ஒலித்திருக்கும் என்றும் அவர் சொல்லவில்லை. ஒலி எதுவாகவும் இருக்கட்டும். அமைப்பில் இந்த இடத்தில் ஒன்று இருந்தாக வேண்டும் என்றார். அதற்குப் பல இடங்களில் பயன்படுத்திய சொல் 'ஃபோனெம்'. அவர் காலத்தில் பலரும் நம்பவில்லை. சொசூர் 1913இல் இறந்துபோனார். பிறகு அதே மொழிக்குடும்பத்தைச் சேர்ந்த ஹிட்டைட் என்ற பழைய மொழியின் களிமண் பலகைகள் படிக்கப்பட்டன. 1927இல் போலந்து அறிஞர் குரிவோவிச், அந்தப் பலகைகளில் ஒரு தொண்டை ஒலிக்கான குறி சொசூர் கணித்த அதே இடங்களில் நிற்பதைக் காட்டினார். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கழித்து! காதால் கேளாத ஒலியை அமைப்பைக் கொண்டு கண்டுபிடித்தார் அந்த இளைஞர்.

இந்த இடத்தில்தான் நம் சொல் முதல் திருப்பம் எடுக்கிறது. பாரிஸில் அது காற்றில் எழும் ஒலி. சொசூர் கையில் அது அமைப்பில் ஓர் இடம். ஆனாலும் இறந்துபோன மொழியின் அமைப்பு. உயிரோடு பேசுகிற மனிதரின் வாய்க்கும் மனத்துக்கும் அதைக் கொண்டுவந்தது யார்?

வாருங்கள், ஐரோப்பாவின் கிழக்கு எல்லைக்குப் போவோம். வோல்கா நதிக்கரையில் கஸான் என்று ஒரு நகரம். ரஷ்யரும் தாத்தாரியரும் கலந்து வாழும் ஊர். அங்கே ஒரு பல்கலைக்கழகம். இணைகோடுகளைப் பற்றி யூக்ளிட் சொன்னதைக் கேள்வி கேட்ட கணித மேதை லபசேவ்ஸ்கி துணைவேந்தர்போல் இருந்து நடத்திய பல்கலைக்கழகம் அது. பெரிய அறிஞர்கள் பெர்லினிலும் பாரிஸிலும் இருக்க, இந்த மூலைக்கு 1875இல் ஆசிரியராக வந்து சேர்ந்தார் ஒரு போலந்துக்காரர். யான் போதுவன் த குர்த்தனே. பெயர் பிரெஞ்சுப் பெயர். முன்னோர் பிரான்சிலிருந்து வந்தவர்கள். பிறந்தது வார்சாவுக்குப் பக்கத்தில், 1845இல். அப்போது போலந்து என்று ஒரு நாடே வரைபடத்தில் இல்லை.

இந்த மனிதர் கஸான் வருவதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? இத்தாலியின் வடகிழக்கு மலைகளில் ரேசியா என்று ஒரு பள்ளத்தாக்கு. அங்கே ஸ்லாவிய கிளைமொழி ஒன்றைப் பேசும் குடியானவர்கள். அவர்களோடு தங்கி, அவர்கள் பேச்சை ஒலி ஒலியாக எழுதினார். எழுத்தில் இல்லாத பேச்சு. ஏட்டில் இல்லாத மொழி. புழுதி படிந்த சுவடிகளில் மட்டுமே மொழியைத் தேடிய காலத்தில், உயிரோடு இருக்கிற பேச்சிலிருந்துதான் மொழியியல் தொடங்க வேண்டும் என்றவர் அவர்.

அவரைத் தேடி 1878இல் ஒரு மாணவர் வந்தார். மிகோவாய் க்ருஷெவ்ஸ்கி. அவரும் போலந்துக்காரர்தான். யூரல் மலைப் பக்கம் த்ரோயித்ஸ்க் என்ற ஊரில் பள்ளிக்கூட ஆசிரியராக லத்தீனும் கிரேக்கமும் கற்பித்துப் பணம் சேர்த்துக்கொண்டு கஸான் வந்தார். ஆசிரியப் பெருமக்களே, இந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். பள்ளி வாத்தியார் ஒருவர், இருபத்தாறு வயதில், சம்பளத்தை மிச்சம் பிடித்து, எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் கடந்து போய் மொழியியல் படித்தார்.

க்ருஷெவ்ஸ்கி சொசூரின் நூலைப் படித்தார். ஃபோனெம் என்ற சொல் அவருக்கு அங்கிருந்துதான் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்தார்? சமஸ்கிருத இலக்கணத்தில் 'குணம்' என்று ஒன்று உண்டு. இகரம் ஏகாரமாகும், உகரம் ஓகாரமாகும் அந்த உயிர்த்திரிபு. பாணினி வகுத்த அந்தக் கருத்தைப் பிடித்துக்கொண்டு, பழைய ஸ்லாவிய மொழியின் ஒலித்திரிபுகளை ஆராய்ந்தார். 1881இல் அது வெளிவந்தது. அதன் முன்னுரையை ஜெர்மன் மொழியிலும் அச்சிட்டு கஸானிலேயே வெளியிட்டார். ஒலிகள் ஓரிடத்தில் ஒன்றாகவும் இன்னோரிடத்தில் வேறாகவும் மாறி மாறி வருகின்றனவே, அவற்றுக்குப் பின்னால் மாறாமல் இருப்பது எது என்று கேட்டார். வாயில் கேட்கும் ஒலிக்கு ஒரு பெயர். பின்னால் நிற்கும் அந்த அலகுக்கு வேறு பெயர். இரண்டையும் பிரித்து வைத்தது அந்தக் கஸான் வகுப்பறை.

க்ருஷெவ்ஸ்கிக்கு நோய் வந்தது. சில ஆண்டுகளில் பாடம் நடத்த முடியாமல் போனது. 1887இல், முப்பத்தாறு வயது நிறையுமுன் இறந்துபோனார்.

ஆசிரியர் போதுவன் த குர்த்தனே அந்தக் கருத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். தோர்பாத், கிராக்கோ, பீட்டர்ஸ்பர்க், வார்சா. 1895இல் வெளிவந்த நூலில் ஃபோனீம் என்பது ஒலியின் உளவியல் இணை, அதாவது மனத்தில் நிலைபெற்றிருக்கும் ஒலி என்று வகுத்துச் சொன்னார். உருபன் என்று நாம் சொல்கிறோமே 'மார்ஃபீம்', அதுவும் அவர் ஆக்கிய சொல்தான். எழுத்தலகைக் குறிக்கும் 'கிராஃபீம்' என்பதும் அவருடையதே. இன்னொரு செய்தியும் சொல்லிவிட வேண்டும். சிறுபான்மை மொழி பேசுகிறவர்களின் உரிமைக்காக ஒரு சிறு நூல் எழுதியதற்காக ரஷ்யப் பேரரசு அவரைச் சிறையில் அடைத்தது. போலந்து விடுதலை பெற்றபின், 1922இல், சிறுபான்மை இனத்தவர்கள் சேர்ந்து அவரைக் குடியரசுத் தலைவர் தேர்தலில் தங்கள் வேட்பாளராக நிறுத்தினார்கள். வெற்றி கிட்டவில்லை. ஆனால் மலைப் பள்ளத்தாக்கில் குடியானவன் பேச்சை மதித்து எழுதிய கையும் சிறுபான்மையினருக்காக அந்தச் சிறு நூலை எழுதிய கையும் ஒரே கை. எனக்கு அது தற்செயலாகத் தோன்றவில்லை.

சரி, ஆங்கிலத்துக்கு எப்போது வந்தது? தலைப்பு ஆங்கிலச் சொல் என்றல்லவா சொன்னேன்!

பீட்டர்ஸ்பர்க்கில் போதுவனின் மாணவர் ஷெர்பா. 1911இல் ரஷ்ய உச்சரிப்பைப் பற்றி ஒரு சிறு வெளியீடு கொண்டுவந்தார். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஒலியியல் கற்பித்துக்கொண்டிருந்த டேனியல் ஜோன்ஸ் கையில் அது கிடைத்தது. பிறகு வார்சாவிலிருந்து வந்த தீதுஸ் பென்னி என்பவரும் இந்தக் கருத்தை அவருக்கு விளக்கிச் சொன்னார். நான் ஊகித்துச் சொல்லவில்லை. ஜோன்ஸே 1957இல் இந்தச் சொல்லின் வரலாற்றைப் பற்றித் தனியாக ஒரு சிறு நூல் எழுதி, யாரிடமிருந்து பெற்றேன் என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருக்கிறார்.

ஆனால் கருத்தைக் காதால் கேட்பது வேறு, அது வேலை செய்வதைக் கண்ணால் காண்பது வேறு. ஜோன்ஸுக்கு அதைக் காட்டியவர் ஓர் ஆப்பிரிக்கர். சாலமன் ப்ளாட்யே. இவர் பெயரைப் பாடப்புத்தகங்களில் தேடிப் பாருங்கள், கிடைப்பது அரிது. தென்னாப்பிரிக்காவில் 1876இல் பிறந்தவர். பல மொழிகள் அறிந்தவர். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர், பத்திரிகை ஆசிரியர். பின்னாளில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் என்று பெயர்பெற்ற அமைப்பின் முதல் பொதுச் செயலாளர். கறுப்பின மக்கள் நாட்டின் பெரும்பகுதியில் நிலம் வாங்க முடியாதபடி 1913இல் ஒரு சட்டம் வந்தபோது, அதை எதிர்த்து முறையிட 1914இல் லண்டன் போன தூதுக்குழுவில் ஒருவர். போர் மூண்டது, முறையீடு எடுபடவில்லை. அவர் அங்கேயே தங்கினார். அந்த நாட்களில்தான் ஜோன்ஸைச் சந்தித்தார். தன் தாய்மொழி ட்ஸ்வானா சரியாக எழுதப்பட வேண்டும் என்பது அவருடைய தவிப்பு. பாதிரிமார்கள் பைபிளை அச்சிட்டிருந்தார்கள். ஆனால் அந்த மொழியில் ஏற்ற இறக்கத் தொனி மாறினால் பொருளே மாறும், அதை எழுத்தில் காட்டவில்லை. இருவரும் சேர்ந்து உழைத்து 1916இல் ஒரு ட்ஸ்வானா வாசகத்தை ஒலிக்குறியீட்டில் வெளியிட்டார்கள்.

அந்த மொழியின் ஓர் இயல்பைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். ட்ஸ்வானாவில் 'செலோ' என்றால் பொருள், சாமான். பன்மை 'டிலோ'. இகரம், உகரத்துக்கு முன்னால் லகரம் வந்தால் அது டகரம்போல் ஒலிக்கும். மற்ற உயிர்களுக்கு முன்னால் லகரமாகவே ஒலிக்கும். ஆக, 'டிலோ' என்ற சின்னச் சொல்லில் முதலில் நிற்கும் 'ட்', நடுவில் நிற்கும் 'ல்' இரண்டும் அந்த மொழிக்காரர் மனத்தில் ஒரே அலகு. நம் 'கடல்', 'பகல்' போலவே! அதன் உறவு மொழியான சோத்தோவில் இன்னும் அழகு. கடவுளுக்கு அவர்கள் சொல் ஒன்றுதான், உச்சரிப்பும் ஒன்றுதான். தென்னாப்பிரிக்காவில் 'மொடிமோ' என்று எழுதுகிறார்கள். எல்லை தாண்டி லெசோத்தோ நாட்டுக்குப் போனால் 'மொலிமோ' என்று எழுதுகிறார்கள். ஒரு நாடு வாயை எழுதுகிறது. ஒரு நாடு மனத்தை எழுதுகிறது. ஃபோனீம் என்றால் என்ன என்று விளக்க இதைவிட நல்ல சான்று வேறென்ன வேண்டும்?

ட்ஸ்வானாவின் ஒலியமைப்பைப் பற்றி லண்டன் மொழிநூல் கழகத்தில் 1917இல் ஜோன்ஸ் ஓர் உரை நிகழ்த்தினார். இன்றைய பொருளில் ஃபோனீம் என்ற சொல் ஆங்கிலத்தில் ஏறியது அந்த உரையில். அப்போது ப்ளாட்யே லண்டனில் இல்லை. அந்த ஆண்டுத் தொடக்கத்திலேயே கப்பலேறித் தாயகம் திரும்பிவிட்டார். ஆங்கிலத்தில் அந்தச் சொல் பிறந்த வீடு ஆங்கிலமோ லத்தீனோ இல்லை, ட்ஸ்வானா. இதை நாம் மறக்கலாமா?

அடுத்து என்ன நடந்தது? பிராகாவில் 1926இல் ஒரு மொழியியல் வட்டம் கூடியது. ரஷ்யப் புரட்சிக்குப்பின் நாட்டைவிட்டு வந்த த்ருபெத்ஸ்கோயும் யாகப்சனும் அதன் தூண்கள். ஃபோனீமை மனத்திலிருந்து எடுத்து மொழியின் அமைப்புக்குள் வைத்தார்கள். எதிர்நிலைதான் அதன் உயிர் என்றார்கள். 'கலை'யைக் 'களை'யிலிருந்து பிரிப்பது எதுவோ அதுவே ஃபோனீம். நாம் தேர்வில் எழுதுகிற அந்த ஒரு வரி இவர்கள் கொடுத்தது. நாஜிகள் வியன்னாவுக்குள் வந்து, அங்கே வாழ்ந்த த்ருபெத்ஸ்கோயின் வீட்டைச் சோதனையிட்டுக் காகிதங்களை அள்ளிப் போனார்கள். இதயம் நொந்திருந்த அவர் 1938இல் மறைந்தார். அவருடைய பெருநூல் அடுத்த ஆண்டுதான், முற்றுப்பெறாமலே, வெளிவந்தது.

அமெரிக்காவில் எட்வர்ட் சப்பீர் என்ற மொழியறிஞர். அவருக்கும் ஒரு ப்ளாட்யே இருந்தார். டோனி டில்லோஹாஷ் என்ற பழங்குடி இளைஞர். தாய்மொழி தெற்குப் பையூட். 1910இல் பிலடெல்ஃபியாவில் இருவரும் சேர்ந்து அந்த மொழியை எழுதினார்கள். 'நீரருகே' என்ற பொருள் தரும் ஒரு சொல். டோனி இயல்பாகச் சொல்லும்போது முதலில் பகரம் வெடித்து ஒலிக்கும். நடுவில் வகரம்போல் உதடு உரசும். ஏறக்குறைய 'பாவ' என்று வைத்துக்கொள்ளுங்கள். அசை அசையாகப் பிரித்துச் சொல்லச் சொன்னார் சப்பீர். டோனி என்ன சொன்னார்? 'பா', நிறுத்தி, மறுபடி 'ப'. இரண்டாவதும் வல்லெழுத்து! வாய் உரசிக்கொண்டிருந்த இடத்தில் மனம் வெடிப்பொலியை வைத்திருந்தது. இந்த நிகழ்ச்சியைச் சப்பீர் 1933இல் எழுதிய கட்டுரையில் பதிவு செய்தார். ஃபோனீம் மனத்தில் மெய்யாகவே இருக்கிறது என்பதற்கு அதுதான் அவர் காட்டிய சான்று.

இப்போது நீங்கள் 'பகல்' என்று சொல்லுங்கள். நிறுத்தி, அசை பிரித்துச் சொல்லுங்கள்: 'ப'… 'கல்'. கேட்டீர்களா? இயல்பாகச் சொன்னபோது உரசிய ககரம், பிரித்துச் சொன்னதும் கல்லைப்போல் வெடிக்கிறது. நீங்கள் எல்லோரும் இப்போது டோனி டில்லோஹாஷ்!

இந்த இடத்தில் தமிழ் அன்பர்கள் சிலர் மனத்தில் ஒரு கேள்வி எழும். 'அப்படியானால் நம் முன்னோர் ககரத்துக்கு ஓர் எழுத்தே போதும் என்று வைத்தார்களே, அது ஃபோனீம் அறிவுதானே? தொல்காப்பியர் எழுத்து முப்பது என்று எண்ணி, சார்ந்து வரும் மரபின மூன்றைத் தனியே வைத்தாரே?' நல்ல கேள்வி. எந்த ஒலி வேறுபாடு எழுத்துக்குத் தகுதி பெறும், எது பெறாது என்ற தெளிவு அங்கே இருக்கத்தான் செய்கிறது. உலக இலக்கண வரலாற்றில் அது பெரிய சாதனை. ஆனால் அதைக் காட்டி, ஃபோனீம் கொள்கையே நம்முடையது என்று மார்தட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. கஸானில் எழுந்த கேள்வி வேறு, தொல்காப்பியருக்கு எழுந்த கேள்வி வேறு. ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைத்துப் போற்றுவதே இருவருக்கும் செய்யும் மரியாதை.

சொல்லின் சந்ததியையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஃபோனீமின் வால்பகுதியைப் பிடித்துக்கொண்டு ஒரு குடும்பமே பெருகியது: மார்ஃபீம், கிராஃபீம், லெக்ஸீம். மானிடவியலில் லெவி ஸ்ட்ராஸ் புராணக் கதைகளின் அலகை 'மித்தீம்' என்றார். மெக்சிகோவில் மிஷ்தெக் மொழியைக் கற்ற கென்னத் பைக், 1947இல் ஃபோனீம் ஆய்வை எழுத்தில்லா மொழிகளுக்கு எழுத்து வகுக்கும் கலையாகவே எழுதிக் கொடுத்தார். அவரே பின்னர், ஒரு சமூகத்தை உள்ளிருப்பவர் பார்ப்பதற்கு 'எமிக்' என்றும் வெளியிலிருந்து பார்ப்பதற்கு 'எட்டிக்' என்றும் பெயர் வைத்தார். ஃபோனெமிக், ஃபோனெடிக் என்ற இரண்டு சொற்களின் வால்கள் அவை. பின்வந்த மொழியியலாளர்களான சாம்ஸ்கியும் ஹல்லேயும் ஃபோனீம் என்ற தனி அடுக்கே தேவையா என்று எதிர்வாதம் செய்தார்கள். செய்யட்டும். எதிர்வாதம் செய்யும் அளவுக்கு வலுவாக அது வளர்ந்திருந்தது.

இனி நம் ஊர். 1934இல் ஜே. ஆர். ஃபர்த் என்ற லண்டன் ஆசிரியர் இரண்டு வேலை செய்தார். ஒன்று, ஃபோனீம் என்ற சொல்லைப் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதி, க்ருஷெவ்ஸ்கியின் பெயரை நினைவூட்டினார். மற்றொன்று, ஆர்டன் பாதிரியாரின் தமிழ் இலக்கண நூலுக்குத் தமிழ் உச்சரிப்பைப் பற்றிப் பின்னிணைப்பு எழுதினார். ஒரே ஆண்டில், ஒரே மேசையில், கஸானும் தமிழும்!

அடுத்த ஆண்டு சப்பீரிடம் பயின்ற மரே எமனோ இந்தியாவுக்கு வந்தார். 1935 முதல் 1938 வரை தங்கி, நீலகிரியில் தோடர்களோடும் கோத்தர்களோடும் உட்கார்ந்து அவர்கள் மொழிகளை எழுதினார். அதுவரை ஐரோப்பியர் எழுதிவைத்த தோடச் சொற்பட்டியல்களில் ஒலிகள் ஒன்றோடொன்று குழம்பிக் கிடந்தன. ஏன்? தோட மொழியில் ரகர இனத்திலேயே மூன்று தனித்தனி ஒலியன்கள் உண்டு. நம் காதுக்கே பிடிபடாத வேறுபாடு. அவற்றைப் பிரித்துக் கேட்க ஓர் அளவுகோல் வேண்டியிருந்தது. அந்த அளவுகோல் பாரிஸில் பெயர் பெற்று, கஸானில் பொருள் பெற்று, ட்ஸ்வானாவிலும் பையூட்டிலும் மெய்ப்பிக்கப்பட்டு, உதகை மலைக்கு வந்து சேர்ந்தது.

அன்பர்களே, இந்த வம்சாவளியை ஒருமுறை ஏறிட்டுப் பாருங்கள். நூல்களில் போதுவன், ஜோன்ஸ், த்ருபெத்ஸ்கோய், சப்பீர் என்று அறிஞர் பெயர்கள் வரிசையாக நிற்கும். ஆனால் இந்தச் சொல் ஒவ்வொரு முறை பொருள் பெருகியபோதும், அறிஞருக்கு எதிரே ஒருவர் உட்கார்ந்து தன் தாய்மொழியைப் பேசிக் காட்டியிருக்கிறார். ரேசியாவின் குடியானவர்களில் எத்தனை பேர் பெயர் நமக்குத் தெரியும்? ப்ளாட்யேவும் டில்லோஹாஷும் பெயர் பதிவானதால் தப்பித்தார்கள். ஃபோனீம் என்பது பேசுகிறவர் மனத்தில் இருப்பது என்றால், அதைக் கண்டுபிடித்ததில் பேசுகிறவருக்கும் சரிபாதிப் பங்கு உண்டு. இது என் உறுதியான கருத்து.

ஆகவே இந்த அவையில் இருக்கும் ஆசிரியர்களிடமும் ஆய்வு மாணவர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஒலியனைக் கரும்பலகையில் எழுதும் நாளில் க்ருஷெவ்ஸ்கி, ப்ளாட்யே, டில்லோஹாஷ் என்ற மூன்று பெயர்களையும் பக்கத்தில் எழுதுங்கள். தோடர், கோத்தர், இருளர், குறும்பர் மொழிகளை ஆராயப் போகிறவர்கள், உங்களுக்குச் சொல் கொடுத்தவர் விரும்பினால், அவர் பெயரை ஆய்வேட்டின் பின்பக்க நன்றியுரையில் ஒதுக்கிவிடாமல், அவர் தந்த சான்று நிற்கும் பக்கத்திலேயே அச்சிடுங்கள். எழுதி முடித்ததும் ஒரு படியை அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, எழுதியது சரிதானா என்று அவரிடமே படித்துக் காட்டுங்கள்.